காசு கொடுத்து வாங்கினோம், விளையாட்டு யாருடையது?

பிரான்ஸ் நாட்டின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி குரூ’ என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்த வரைபடத்தில், கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை கார் ஓட்டிக்கொண்டே போகலாம். நண்பர்களோடு சேர்ந்து ஓட்டலாம், தனியாகவும் ஓட்டலாம். ஆனால், தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணையத் தொடர்பு இருந்தே ஆக வேண்டும்.

2024 மார்ச் 31-ஆம் நாள் அந்தச் சர்வரை நிறுவனம் மூடியது. அத்தோடு விளையாட்டும் முடிந்தது. டிஸ்க் வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவரின் கையில் இருப்பது இப்போது வெறும் பிளாஸ்டிக் தட்டு. இணையக் கடையில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து விளையாட்டின் உரிமமே நீக்கப்பட்டது.

“விளையாட்டுதானே, போனால் போகட்டும். அந்த நேரத்தில் படிக்கலாம்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கடையில் காசு கொடுத்து ஒரு சைக்கிள் வாங்குகிறோம். பத்து வருடம் கழித்துக் கடைக்காரர் வந்து, “நான் கடையை மூடுகிறேன். அதனால் உன் சைக்கிளும் இனி ஓடாது” என்கிறார். சும்மா இருப்போமா?

இன்றைய கேமர்களின் மனக்குறையில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். விளையாட்டு கடினமாக இருக்கிறது, தோற்றுப் போகிறோம் என்பதெல்லாம் குறையே அல்ல. விற்பவர் சொல்வது ஒன்று, கொடுப்பது வேறொன்று என்பதுதான் குறை. இது பயனீட்டாளர் உரிமை பற்றிய விவகாரம். உலகப் பயனீட்டாளர் இயக்கத்தில் தனி இடம் பிடித்த பினாங்கில் வாழும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் ஆழமாகவே பார்க்கலாம்.

கொம்தாரில் டிஸ்க் வாங்கிய காலம்

உங்கள் மாமாவோ மூத்த அண்ணனோ 1990-களின் இறுதியில் ஜார்ஜ்டவுனில் பள்ளி மாணவராக இருந்திருந்தால், அவரிடம் கேட்டுப் பாருங்கள். பிளேஸ்டேஷன் டிஸ்க் தேடி அலைந்த கதை அவரிடம் இருக்கும். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் கடைகளில் குவிந்து கிடந்தவற்றில் பெரும்பாலானவை திருட்டுப் பதிப்புகள். அதைக் கட்டுப்படுத்தவே அரசாங்கம் டிஸ்க் தயாரிக்கும் ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டத்தை 2000-ஆம் ஆண்டில் கொண்டு வந்தது.

அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அசல் டிஸ்க் வாங்கியவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. விளையாடி முடித்தபின் நண்பனுக்கு இரவல் தரலாம். பாதி விலைக்கு விற்கலாம். தம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம். கீறல் விழாமல் வைத்திருந்தால், 1998-இல் வாங்கிய டிஸ்க் அதே இயந்திரத்தில் இன்றும் ஓடும். தயாரித்த நிறுவனம் இருக்கிறதா, இல்லையா என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு இணையக் கடைகள் வந்தன. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் 2003-இல் தொடங்கியது. நாளடைவில் விலையை வெள்ளியிலேயே காட்டியது; விழாக்காலங்களில் பெரும் தள்ளுபடியும் தந்தது. திருட்டு டிஸ்க்கில் விளையாடி வளர்ந்த பலர், “இனி காசு கொடுத்தே வாங்குவோம்” என்று நேர்வழிக்கு வந்தார்கள். ‘வாங்குவது’ என்ற சொல்லின் பொருள் மாறத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

இணையக் கடையில் நாம் பெறுவது விளையாட்டை அல்ல. அதை விளையாடுவதற்கான உரிமத்தை. நிபந்தனைப் பட்டியலில் இது நெடுங்காலமாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்துமுன் அந்தப் பட்டியலை எத்தனை பேர் படித்தோம்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. இலக்கவியல் பொருளை விற்பவர், ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி முதல் அது நடப்பில் உள்ளது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஸ்டீம் தன் கட்டணப் பக்கத்தில் அந்த அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. அடுத்த முறை வாங்கும்போது கவனித்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் இணையம்வழி இங்கே விற்பவற்றுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2024 மார்ச்சிலிருந்து அது 8 விழுக்காடு. அந்த வரியின் பெயர் சேவை வரி. கடையின் பொத்தானில் ‘வாங்கு’ என்று இருக்கிறது. வரிச்சீட்டோ ‘சேவை’ என்கிறது. சேவையை யாரும் அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது.

டிஸ்க்குக்கே திரும்பிப் போய்விடலாமே என்றால், அந்தக் கதவும் சிறுத்துக்கொண்டு வருகிறது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் போடும் பகுதியே இல்லை. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கப்படும் சில அட்டைகளுக்குள் விளையாட்டே கிடையாது. அட்டை ஒரு சாவி மட்டும். விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

நம் சேகரிப்பு எந்த அளவுக்குப் பிறர் கையில் இருக்கிறது என்பதை மலேசியக் கேமர்கள் 2017 செப்டம்பரில் நேரிலேயே கண்டார்கள். பல சமயங்களின் கடவுளரையும் புனிதர்களையும் சண்டையிட வைத்த ஒரு விளையாட்டு ஸ்டீமில் வெளியானது. அதை நீக்கும்படி அரசாங்கம் 24 மணி நேரக் கெடு விதித்தது. கெடு முடிந்ததும், அந்த ஒரு விளையாட்டுக்காக ஸ்டீம் கடையே இங்கு முடக்கப்பட்டது. ஸ்டீம் அந்த விளையாட்டை மலேசியாவில் விற்பதை நிறுத்திய பிறகு முடக்கம் நீங்கியது. விளையாட்டைத் தடுத்தது சரியா, தவறா என்பது வேறு விவாதம். அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பலரும் அன்று கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதே நமக்கு இங்கு முக்கியம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மாலையில் ஏதாவது ஒரு மாமாக் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து பேர் ஒரு மேசையில், ஐந்து தே ஆயிஸ், ஐந்து கைப்பேசி. மொபைல் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். விளையாட்டு இலவசம். ஆனால் ‘ஸ்கின்’ எனப்படும் புதிய தோற்றம் வேண்டுமானால் டைமண்ட் வேண்டும். டைமண்ட் வாங்க முன்பு எம்.ஓ.எல். பாயின்ட்ஸ் இருந்தது, இன்று ரேசர் கோல்ட், மின்பணப்பை என்று வழிகள் பெருகிவிட்டன.

அழகுக்காக ஒரு ஸ்கின் வாங்குவதில் தவறில்லை. விலை இவ்வளவு என்று சொல்லி விற்றால் அது சாதாரண வியாபாரம். சிக்கல் வருவது, என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் மூடிய பெட்டியை விற்கும்போது. இதைத்தான் ‘லூட் பாக்ஸ்’ என்கிறார்கள். காசு போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் ஏதோ ஒரு பொம்மை விழும் ஜப்பானிய இயந்திரத்தின் பெயரால் ‘காச்சா’ என்றும் சொல்வதுண்டு.

கணிதப் பாடத்தில் படித்த நிகழ்தகவை இங்கே போட்டுப் பார்ப்போம். ஓர் அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை இழுத்தால் உறுதியாகக் கிடைக்கும் என்றுதான் மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு முறை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. நூறு முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு, 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வருவது. அதாவது ஏறத்தாழ 0.37. நூறு முறை இழுத்த நூறு பேரில் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஓர் இழுப்புக்கு 5 வெள்ளி என்றால், ஒவ்வொருவரும் செலவழித்தது 500 வெள்ளி. சில விளையாட்டுகள், இத்தனை முறைக்குப் பிறகு கட்டாயம் கிடைக்கும் என்று ஓர் எல்லை வைக்கின்றன. அந்த எல்லை வரை போக எவ்வளவு செலவாகும் என்று முதலில் கணக்குப் போட வேண்டியது நாம்தான்.

இன்னொரு தந்திரம் நாணயம். வெள்ளியை டைமண்டாக மாற்றி, டைமண்டை வேறொரு காசாக மாற்றி, அதைக் கொண்டு பெட்டி வாங்கச் சொல்வார்கள். இரண்டு மாற்றம் முடிவதற்குள் உண்மையான விலை மறந்துபோகும். டைமண்ட் கட்டுகளின் அளவும் பொருளின் விலையோடு பொருந்தாது. எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் மறுபடியும் டாப்-அப் செய்வோம்.

இதையெல்லாம் உலகம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ வெளிவந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய பிறகும், டார்த் வேடர் போன்ற முக்கியக் கதாபாத்திரத்தைத் திறக்கச் சுமார் 40 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கேமர்கள் கணக்கிட்டார்கள். காசு கொடுத்துப் பெட்டி வாங்கினால் வேகமாக முன்னேறலாம். எதிர்ப்பு எவ்வளவு வலுத்தது என்றால், விளையாட்டு அதிகாரபூர்வமாக வெளிவருவதற்கு முந்திய நாளே அந்த விற்பனையை நிறுவனம் நிறுத்தி வைத்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், ஃபிஃபா 18 உள்ளிட்ட மூன்று விளையாட்டுகளின் பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது. எல்லா நாடும் அப்படிச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் வரை போன வழக்கில், 2022-இல் உயர்நிலை நிர்வாக நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் வேறு வழியில் போனது. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில், தவறுதலாக அழுத்தினாலே காசு போய்விடும்படி பொத்தான்களை அமைத்ததற்காக, எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலரைப் பயனீட்டாளர்களுக்குத் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில், நம் மாணவர்களும் விரும்பி ஆடும் ‘கென்ஷின் இம்பாக்ட்’ நிறுவனத்தின் முறை வந்தது. 2 கோடி டாலர் அபராதத்தோடு, 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பெற்றோர் சம்மதமின்றி அமெரிக்காவில் இத்தகைய பெட்டிகளை விற்பதில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது.

கெந்திங் மலையில் உள்ள சூதாட்ட மையத்துக்குள் 21 வயது நிரம்பாதவர் நுழைய முடியாது. அதே குலுக்கல் வேலை, பள்ளிப் பையில் இருக்கும் கைப்பேசிக்குள் நடந்தால் வாசலில் காவலர் யாரும் இல்லை.

வேகாத சோறு

மூன்றாவது குறை, முடிக்காத விளையாட்டை முழு விலைக்கு விற்பது. ‘சைபர்பங்க் 2077’ பல வருட விளம்பரத்துக்குப் பிறகு 2020 டிசம்பர் 10-ஆம் நாள் வந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் அது திக்கித் திணறியது. நடுவிலேயே நின்றும் போனது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கி, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. விளையாட்டு அந்தக் கடைக்குத் திரும்ப ஆறு மாதமானது.

‘கன்கார்ட்’ என்ற விளையாட்டின் ஆயுள் இன்னும் குறைவு. சோனி அதை 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்டு, ஆளில்லாததால் செப்டம்பர் 6-இல் மூடியது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது உண்மை. பல வருடம் அதில் உழைத்தவர்களின் வேலை போனதும் உண்மை.

இதை நம் வருமானத்தோடு ஒப்பிட்டால் வலி புரியும். புதிய பெரிய விளையாட்டுகள் 250, 300 வெள்ளி அளவில் விற்கின்றன. 2025-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. விடுமுறையில் பகுதி நேர வேலை செய்யும் கல்லூரி மாணவர், 300 வெள்ளி விளையாட்டுக்காக முப்பது மணி நேரத்துக்கும் மேல் நின்று உழைக்க வேண்டும். அப்படி வாங்கிய பொருள் முதல் நாளே ஓடாவிட்டால், “அடுத்த மாதம் சரிசெய்து அனுப்புகிறோம்” என்ற பதில் போதுமா?

முடியாத விளையாட்டை விற்பதே குற்றம் என்று சொல்லிவிடவும் முடியாது. ‘பால்டர்ஸ் கேட் 3’ மூன்று வருடம் முடியாத நிலையிலேயே விற்கப்பட்டது. “இது இன்னும் முடியவில்லை; விருப்பமிருந்தால் இப்போதே வாங்கி, குறைகளைச் சொல்லுங்கள்” என்று லேரியன் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லி விற்றது. 2023 ஆகஸ்டில் முழுமையாக வந்தபோது உள்ளே டைமண்டும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதையும் வென்றது. லேரியனின் கிளை ஒன்று கோலாலம்பூரில் இயங்குகிறது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆக, பயனீட்டாளரைக் கோபப்படுத்துவது குறைபாடு அல்ல. அதை மறைத்து விற்பதுதான்.

நிறுவனங்களின் பக்கமும் கேட்போம்

வாதம் என்றால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் ஐந்தாறு வருடம் உழைக்கிறார்கள். சர்வரை ஓட விடுவதற்கு மாதந்தோறும் செலவு உண்டு. பத்துப் பேர் மட்டுமே விளையாடும் ஒன்றை எத்தனை காலம்தான் காசு கொட்டிக் காப்பாற்றுவது என்று நிறுவனங்கள் கேட்கின்றன. விளையாட்டைத் தனியார் சர்வர்களிடம் விட்டுவிட்டால், அங்கே நடக்கும் ஏமாற்று வேலைக்கும் தகாத பேச்சுக்கும் யார் பொறுப்பு என்பது அவர்களின் இன்னொரு கேள்வி. இலவச விளையாட்டுகளால்தான் வசதியில்லாத மாணவரும் விளையாட முடிகிறது என்பதும் மறுக்க முடியாதது.

இவை நியாயமான கேள்விகள். ஆனால் கேமர்கள் கேட்பதும் அவ்வளவு பெரிதல்ல. ‘தி குரூ’ மூடப்பட்டதைத் தொடர்ந்து, 2024 ஏப்ரலில் ரோஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்’ என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை என்றென்றும் ஓட விட வேண்டும் என்று அந்த இயக்கம் கேட்கவில்லை. மூடும்போது, இணையமில்லாமல் ஓடும் வகையிலோ, விளையாட்டாளர்களே சர்வர் அமைத்துக்கொள்ளும் வகையிலோ விட்டுச் செல்லுங்கள் என்றுதான் கேட்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், ஓராண்டுக்குள் பத்து லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால் அந்தக் கோரிக்கையை ஐரோப்பிய ஆணையம் பரிசீலித்துப் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை முடிவில் கையெழுத்துகள் 14 லட்சத்தைத் தாண்டின. பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு, அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தது. சட்டத்தை மாற்றும் திட்டமில்லை என்று அரசாங்கம் சொன்னாலும், உறுப்பினர்கள் எழுந்து கேமர்களுக்காகப் பேசினார்கள். யூபிசாஃப்டும் அசைந்து கொடுத்தது. ‘தி குரூ 2’ விளையாட்டை இணையமில்லாமலும் விளையாடும் வசதியை 2025-இல் கொண்டு வந்தது. முதல் விளையாட்டுக்கு முடியாது என்றது, இரண்டாவதற்கு முடிந்திருக்கிறது. இடையில் நடந்தது, பயனீட்டாளர்கள் வாய் திறந்ததுதான்.

பினாங்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பினாங்கு என்றதும் விளையாட்டுக் கணினி பிரியர்களுக்கு நினைவு வருவது சிப். இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் 1972 முதல் இங்கே தொழிற்சாலை நடத்தி வந்தவை. ஆனால் பினாங்கு உலகுக்குத் தந்தது சிப் மட்டுமல்ல.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜார்ஜ்டவுனில் இயங்கி வருகிறது. தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வளர்ந்த எஸ்.எம்.முகமது இட்ரிஸ், 2019-இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்தார். உணவில் கலப்படம், விலையில் ஏமாற்று, விளம்பரத்தில் பொய் என்று சாதாரண மக்கள் கொண்டுவந்த குறைகளை எடுத்துப் பேசியது அந்தச் சங்கம்.

அதே பினாங்கைத் தளமாகக் கொண்டு உழைத்த அன்வார் ஃபசால், 1978 முதல் 1984 வரை அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்புக்குத் தலைவராக இருந்தார். அமெரிக்க அதிபர் கென்னடி, 1962 மார்ச் 15-இல் பயனீட்டாளரின் நான்கு உரிமைகளை நாடாளுமன்றத்துக்கு எடுத்துரைத்தார்: பாதுகாப்பு, தகவல் அறிதல், தேர்ந்தெடுத்தல், குரல் கேட்கப்படுதல். அந்த நாளை உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் அன்வார் ஃபசால். 1983 முதல் உலகம் அதைக் கடைப்பிடித்து வருகிறது.

குழந்தைகளுக்கான புட்டிப்பால் மாவை நிறுவனங்கள் விளம்பரப்படுத்திய விதத்தை எதிர்த்து எழுந்த அனைத்துலக இயக்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்த விளம்பரங்களுக்கு விதிமுறை வகுத்தது. அன்றும், “பால் மாவுதானே, பிடிக்காவிட்டால் வாங்காதே” என்று சொல்லியிருப்பார்கள்.

பால் மாவும் விளையாட்டும் ஒன்றல்ல. ஒன்று உயிர்ப் பிரச்சினை, மற்றது பொழுதுபோக்கு. ஆனால் அந்த நான்கு உரிமைகளை விளையாட்டில் வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் தகவல் உரிமை இல்லை. டிஸ்க் கிடைக்காமல் ஒரே இணையக் கடைதான் வழி என்றால் தேர்ந்தெடுக்கும் உரிமை சுருங்குகிறது. சர்வரை மூடும் முடிவில் வாங்கியவரை யாரும் கேட்கவில்லை என்றால் குரலுக்கு மதிப்பில்லை.

நம் அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே மின்விளையாட்டுக்கு ஒரு கோடி வெள்ளி ஒதுக்கியது. விளையாட்டு வீரர்களாகவும் துறைக்கு வேண்டிய திறனாளர்களாகவும் கேமர்களை அது பார்த்தது. பயனீட்டாளர்களாகப் பார்ப்பது இனி நடக்க வேண்டியது.

நாம் என்ன செய்யலாம்?

வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தனியாக விளையாடவும் இணையம் வேண்டுமா? உள்ளே காசு கேட்கும் பெட்டி உண்டா? வெளிவந்து ஒரு வாரமாவது ஆகிவிட்டதா? மூன்றாவது கேள்வி மிக எளிது; முன்பதிவு செய்யாமல் ஒரு வாரம் பொறுத்திருந்தால், வேகாத சோறு எது என்று ஊரே சொல்லிவிடும்.

திருப்பித் தரும் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ‘கோக்’ என்ற இணையக் கடை, இணையமில்லாமலே நிறுவிக்கொள்ளும் கோப்பைத் தருகிறது. அதை உங்கள் சேமிப்புக் கருவியில் வைத்துக்கொள்ளலாம்.

விலையை வெள்ளியில் எழுதிப் பாருங்கள். “320 டைமண்ட்” என்று சொல்லாமல், இத்தனை வெள்ளி, இத்தனை மணி நேர வேலை என்று சொல்லிப் பழகுங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். தம்பி தங்கையின் கைப்பேசியிலும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வையுங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இணையம்வழி வாங்குவதையும் உள்ளடக்கியது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிரான பகுதி 2010-இல் அதில் சேர்க்கப்பட்டது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான இழப்புக்கு மனு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. உள்ளூர்க் கடையில் வாங்கிய இயந்திரமோ டாப்-அப் அட்டையோ ஏமாற்றினால் இது நல்ல வழி. இங்கே அலுவலகமே இல்லாத வெளிநாட்டு நிறுவனத்தை இழுத்து வருவது கடினம். அந்த இடைவெளியைச் சட்டம் எப்படி அடைப்பது என்பது, சட்டம் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு.

இன்னொன்று: நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம், சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது. அதனால்தான் நிறுவனங்கள் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று நிபந்தனையில் எழுதி வைக்கின்றன. அப்பாவின் அட்டையைச் சொல்லாமல் எடுத்துத் தேய்த்துவிட்டு இந்தச் சட்டத்தைக் காட்டலாம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் கேட்டுவிட்டு வாங்கினால், ஏமாற்றப்படும்போது உங்களுக்காகப் பேச வீட்டில் ஒருவர் இருப்பார்.

குறை இருந்தால் எழுதுங்கள். ரசீது, திரைப்படம் பிடித்த ஆதாரம், நாள், தொகை ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்துக்கு மரியாதையாக எழுதுங்கள். விளையாட்டை உருவாக்கிய பணியாளரைத் திட்டுவதால் எதுவும் மாறாது. பெட்டியின் விலையை முடிவு செய்பவர் பெரும்பாலும் அவர் இல்லை. நாளை நீங்களே அந்த நாற்காலியில் உட்காரக்கூடும். பிறை சமயத்திலோ பாயான் லெப்பாசிலோ உள்ள சிப் தொழிற்சாலை போல, விளையாட்டு உருவாக்கமும் நம் பிள்ளைகள் போகும் வேலையாகிக்கொண்டிருக்கிறது. அன்று எப்படி விற்பீர்கள் என்ற கேள்விக்கும் இப்போதே விடை தேடி வைக்கலாம்.

அடுத்த மார்ச் 15-க்கு முன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். கடந்த ஓராண்டில் விளையாட்டுக்காக டாப்-அப் செய்த தொகையையெல்லாம் ஒரு தாளில் வெள்ளிக் கணக்கில் எழுதுங்கள். பக்கத்தில், அவற்றில் எவை இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன, சர்வர் நின்றால் எவை போய்விடும் என்று குறியுங்கள். வகுப்பு நண்பர்கள் ஐந்து பேர் இதைச் செய்தால், பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தில் விவாதம் நடத்தத் தேவையான புள்ளிவிவரம் உங்கள் கையிலேயே இருக்கும்.